போர்க்களம் பார்க்கச் செல்வோருக்கு: வாசகர் கேள்வி-பதில்

பழைய போர்கள் நடந்த இடங்களுக்குச் சுற்றுலா செல்வது பற்றி வாசகர்கள் அவ்வப்போது எழுதிய கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில், அவற்றுள் தெளிவாக எழுதப்பட்ட கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பெல்ஜியத்தில் உள்ள வாட்டர்லூ போர்க்களத்துக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். சிங்கமேட்டின் உச்சிவரை மூச்சிரைக்க ஏறிப் பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை வயல்கள்தாம். “இதைப் பார்க்கவா இவ்வளவு தொலைவு வந்தோம்?” என்று என் கணவர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அங்கே நாங்கள் எதைப் பார்த்திருக்க வேண்டும்?

பதில்: உங்கள் கணவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஏறி நின்ற அந்த மேடுதான் அங்கே பார்க்க வேண்டியதைப் பாதி அழித்துவிட்டது. மீதிப் பாதியை, அதன் உச்சியில் நிற்பவரின் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது.

1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தம் படையின் பெரும்பகுதியை நீண்ட முகடு ஒன்றின் மேல் நிறுத்தாமல், எதிரியின் பீரங்கிகள் நேராகக் குறிவைக்க இயலாதவாறு, அதன் பின்சரிவில் நிறுத்தியிருந்தார். தெற்கே நின்ற நெப்போலியனுக்கு முகட்டின் விளிம்பு தெரிந்தது. அதற்கு அப்பால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. ஆகவே அன்று நடந்ததைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அந்த முகட்டின் உயரமும், அதன் மேல் கிழக்கு மேற்காகப் பள்ளமாக ஓடிய சாலையும்தான் முதன்மையான சான்றுகள். போர் முடிந்த சில ஆண்டுகளில், நெதர்லாந்து அரசர் முதலாம் வில்லியம், தம் மகனான ஆரஞ்சு இளவரசர் தோளில் குண்டுபட்டு விழுந்த இடத்தில் ஒரு நினைவுமேட்டை எழுப்ப ஆணையிட்டார். 1826இல் நிறைவடைந்த அந்த மேட்டுக்கு வேண்டிய மண்ணை அந்த முகட்டிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். பின்னர் அங்கு வந்த வெலிங்டன், தம் போர்க்களத்தையே மாற்றிவிட்டார்கள் என்று வருந்தியதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, சொல்லியிருக்கத் தக்க செய்திதான்.

மேட்டின் 226 படிகளை ஏறி, ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு எந்த நிலமும் சமதளமாகவே தோன்றும். ஒரு படைவீரனின் தலையை மறைக்கப் போதுமான ஆள் உயரப் பள்ளம், அவ்வளவு மேலேயிருந்து பார்த்தால் வயலின் நிறத்தில் ஒரு சிறு மாறுபாடாகக்கூடத் தெரியாது. எனவே களத்தின் பரப்பை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்வதற்கு மட்டும் மேட்டில் ஏறுங்கள். பிறகு இறங்கி, தெற்கே பிரெஞ்சுப் படை நின்ற பக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து வடக்கு நோக்கி நடந்து வாருங்கள். எதிரே நிற்பது சில அடிகளில் மறைவதும், சற்று நடந்தபின் திடீரென்று மிக அருகில் தெரிவதும் அப்போதுதான் புலப்படும். அந்த ஜூன் மாதத்தில் வயல்களில் ரை என்னும் தானியப் பயிர் ஏறக்குறைய ஆள் உயரம் வளர்ந்திருந்தது என்பதையும், முந்தைய நாள் பிற்பகல் முதல் இரவெல்லாம் பெய்த மழையில் நிலம் சேறாகிக் கிடந்தது என்பதையும் நடக்கும்போது நினைவில் கொள்ளுங்கள். இன்று அங்கு விளையும் பயிர்கள் குட்டையானவை. அதனால் இன்றைய பயணி, அன்றைய வீரனைவிட நெடுந்தொலைவு பார்க்கிறார்.

ஊகூமோன் பண்ணைக்குப் போகாமல் திரும்பியிருந்தால், அது பெரிய இழப்பு. பகல் முழுவதும் பிரெஞ்சுப் படை தாக்கியும் கைப்பற்ற முடியாமல் போன அந்தப் பண்ணை, சீரமைக்கப்பட்டு 2015 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அதன் தோட்டத்துச் செங்கல் சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்காக இடித்த துளைகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே நின்று ஒரு துளையின் வழியே வெளியே பாருங்கள். பிறகு வெளியே சென்று அதே துளையை நோக்கி நடந்து வாருங்கள். அந்தச் சுவர் எத்தனை ஆயிரம் பேரை எப்படித் தடுத்து நிறுத்தியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியிராது. அதே களத்தில் உள்ள மற்றொரு பண்ணையான லா ஹே சாந்த்தோ தனியார் உடைமை. அதை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தாக்கியவரின் பக்கத்திலிருந்து தொடங்குவது என்னும் இந்த முறை மற்றக் களங்களுக்கும் பொருந்தும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் களமான கெட்டிஸ்பர்க்கில், 1863 ஜூலை 3ஆம் நாள் பிற்பகல் தென்மாநிலப் படையினர் ஏறத்தாழ 12,500 பேர் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான திறந்தவெளியைக் கடந்து எதிரியின் நடுவரிசையைத் தாக்கினார்கள். கொல்லப்பட்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர் என அவர்களில் பாதிப்பேர்வரை இழக்கப்பட்டனர். வடமாநிலப் படை நின்ற கற்சுவரின் அருகிலிருந்து பார்த்தால், இவ்வளவு வெட்டவெளியில் நடந்து வர எந்தத் தளபதி ஆணையிடுவார் என்று தோன்றும். எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து வந்தால், நிலம் அலையலையாக ஏறி இறங்குவதையும், சில இடங்களில் எதிரியின் பார்வையிலிருந்து மறைந்து மூச்சு வாங்க முடிந்ததையும், சாலையோர வேலிகளைத் தாண்டிய பிறகே மறைவே இல்லாத கடைசிச் சரிவு தொடங்கியதையும் உங்கள் கால்களே சொல்லும். அந்த ஆணை தவறா சரியா என்பது குறித்து வாதிடுபவர்கள் ஒருமுறையாவது அந்த வழியே நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் ஒரே நாளில் மூன்று போர்க்களங்களைக் காட்டுவதாகச் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளலாமா? வழிகாட்டி தேவையா?

பதில்: ஏற்றுக்கொள்ள வேண்டாம். மூன்று வாகன நிறுத்தங்களையும் மூன்று நினைவுப்பொருள் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

ஒரு களத்துக்கு ஒரு முழுப்பகல் என்று வைத்துக்கொண்டு, காலையில் அருங்காட்சியகத்தில் ஒரு மணிநேரத்துக்கு மேல் செலவிடாமல் நிலப்படத்தை மட்டும் நன்றாகப் பதியவைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். சீருடைகளையும் வாள்களையும் மாலையில் வந்து பார்க்கலாம். வழிகாட்டி கட்டாயம் வேண்டும், குறைந்தது முதல் இரண்டு மணிநேரத்துக்காவது. கெட்டிஸ்பர்க்கில் 1915 முதலே தேர்வு வைத்து உரிமம் வழங்கப்பட்ட வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் உங்களோடு உங்கள் வாகனத்திலேயே வருவார்கள். பிரான்சில் முதல் உலகப் போரின் களமான பொமோன்-ஹாமெலில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து (இன்று கனடாவின் ஒரு பகுதி) நினைவுப் பூங்காவில் கனடிய மாணவர்கள் வழிகாட்டுகிறார்கள். நல்ல வழிகாட்டி யார் என்பதை எளிதில் கண்டுகொள்ளலாம்: அவர் நினைவுச்சின்னங்களுக்கு முதுகைக் காட்டி நின்று நிலத்தைச் சுட்டிக்காட்டுவார்.

பொமோன்-ஹாமெல் சிறிய இடந்தான், ஏறத்தாழ 30 எக்டர். 1916 ஜூலை 1ஆம் நாள் காலை, முன்வரிசைக்குச் செல்லும் பதுங்குகுழிகள் காயமுற்றோராலும் உயிரிழந்தோராலும் அடைபட்டுக் கிடந்ததால், நியூஃபவுண்ட்லாந்துப் படையினர் ஏறத்தாழ 800 பேர் பின்வரிசையிலிருந்தே வெட்டவெளியில் ஏறி நடந்தார்கள். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பெயர் அழைத்தபோது குரல் கொடுக்க இருந்தவர்கள் 68 பேர். பின்வரிசை, முன்வரிசை, அவர்களில் பலர் விழுந்த மரத்தின் இடம், ஜெர்மானியரின் வரிசை ஆகிய நான்கையும் அங்கே சில நிமிட நடையில் கடந்துவிடலாம். அந்த நடை எவ்வளவு குறுகியது என்பதுதான் அங்குத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அதற்கு அவசரமின்றி நடக்க வேண்டும்.

கேள்வி: எந்தப் பருவத்தில் செல்வது நல்லது? போர் நடந்த அதே தேதியில் சென்றால் சிறப்பா?

பதில்: ஆண்டு நாளில் கூட்டமும் மேடையும் ஒலிபெருக்கியும் இருக்கும், நிலம் தெரியாது. சடங்கைக் காண விரும்பினால் செல்லலாம். காடு அடர்ந்த களங்களுக்கு இலை உதிர்ந்த காலமே ஏற்றது, ஏனென்றால் போர் நடந்தபோது வெட்டவெளியாக இருந்த பல இடங்களில் பிற்காலத்தில் மரங்கள் வளர்ந்துவிட்டன. கெட்டிஸ்பர்க் பூங்காவினர் அப்படி வளர்ந்த மரங்களை வெட்டி, 1863இல் இருந்த பழத்தோட்டங்களை மீண்டும் நட்டுப் எங்கிருந்து எது தெரிந்தது என்ற பழைய காட்சியைத் திரும்பக் கொண்டுவர முயன்றுவருகிறார்கள். 1974இல் அங்கே எழுப்பப்பட்ட 90 மீட்டருக்கும் மேலான பார்வைக் கோபுரம் ஒன்றை, 2000ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வாட்டர்லூவின் மேட்டைத் தகர்க்க இனி எவரும் துணியமாட்டார்கள். அதுவே இப்போது வரலாறாகிவிட்டது.

கேள்வி: பிரான்சில் சோம் ஆற்றுப் பகுதியில் உழுத வயலின் ஓரத்தில் துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்றார் உடன் வந்த நண்பர். நான் தடுத்தேன். நூறு ஆண்டுகளாகக் கிடக்கும் ஒரு துருவுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று இன்றும் கேலி செய்கிறார். யார் சொன்னது சரி?

பதில்: நீங்கள் சொன்னதுதான் சரி. நண்பரிடம் இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது அச்சம் தருவது. முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நீண்டிருந்த மேற்குமுனையில் வீசப்பட்ட எறிகணைகளில் வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை எண்ணிலடங்காதவை; அவற்றுள் நச்சுவாயு நிரம்பியவையும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் உழவின்போது மேலே வரும் இவற்றை அங்குள்ள உழவர்கள் ‘இரும்பு அறுவடை’ என்றே அழைக்கிறார்கள். வயலோரத்தில் வைத்துவிட்டு, அரசின் வெடிபொருள் அகற்றும் பிரிவு வந்து எடுத்துச்செல்லக் காத்திருக்கிறார்கள். உங்கள் நண்பர் கண்டதும் அப்படி எடுத்து வைக்கப்பட்ட ஒன்றாக இருந்திருக்கலாம். துரு ஏறியதனால் வெடிபொருள் செயலிழப்பதில்லை. பல நேரங்களில் இன்னும் எளிதில் வெடிக்கக்கூடியதாகிறது. அதே போரின் களமான பிரான்சின் விமி முகட்டில் வேலியிட்டு மூடிய பகுதிகளில் புல்லை மட்டாக வைப்பதற்கு ஆடுகளை மேயவிடுகிறார்கள். மனிதர் காலடி படக்கூடாத நிலத்தில் ஆடு மேய்வதைக் கண்டு சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சியோடு படம் எடுக்கிறார்கள். காரணம் தெரிந்தால் அத்தனை மகிழ்ச்சி இருக்காது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. போர்க்களத்தில் ஒரு பொருள் எதுவாக இருக்கிறது என்பதைவிட, எங்கே கிடக்கிறது என்பதே பேசுகிறது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1876 ஜூன் 25, 26 ஆகிய நாள்களில் அமெரிக்க இராணுவ அதிகாரி கஸ்டரின் குதிரைப்படைப் பிரிவை லக்கோட்டா, ஷையென், அரப்பஹோ பழங்குடி வீரர்கள் தோற்கடித்தார்கள்; கஸ்டருடன் நேரே நின்றவர்களில் ஒருவரும் உயிருடன் திரும்பவில்லை. அதனால் அங்கு என்ன நடந்தது என்பதை நூறாண்டுக் காலம் அவரவர் விருப்பப்படி எழுதிவந்தார்கள். 1983இல் பரவிய தீயில் புல் எரிந்து தரை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் உலோகம் காட்டும் கருவிகளுடன் வரிசையாக நடந்து, கிடைத்த ஒவ்வொரு தோட்டாவையும் வெற்றுக்கூட்டையும் இருந்த இடம் குறித்தே எடுத்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் தோட்டாக்கூட்டில் தனித்த தடம் பதிக்கும் என்பதால், ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதைக்கூடத் தொடர முடிந்தது. பழங்குடி வீரர்களிடம் விரைந்து சுடும் புதுவகைத் துப்பாக்கிகள் கணிசமாக இருந்தன என்பதும், கஸ்டரின் படையினர் கடைசிவரை ஒழுங்காக அணிவகுத்து நின்று போரிட்டார்கள் என்ற புகழ்க்கதை அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பதும் வெளிவந்தன. பழங்குடியினர் முதலிலிருந்தே சொல்லிவந்ததைப் பலவகையிலும் அந்தக் கூடுகள் ஆதரித்தன. அவற்றை முந்தைய நூற்றாண்டின் பயணிகள் ஆளுக்கொன்றாகப் பையில் போட்டுச் சென்றிருந்தால் இந்தச் சான்று கிடைத்திருக்காது. உண்மையில் பலர் போட்டுச் சென்றும் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் பாஸ்வர்த் கதை இன்னும் வேடிக்கையானது. மூன்றாம் ரிச்சர்டு அரசர் 1485 ஆகஸ்டு 22ஆம் நாள் வீழ்ந்த அந்தக் களத்துக்காகப் பார்வையாளர் மையம் அமைத்து, வழிகாட்டிப் பலகைகளும் நட்டு, பல ஆண்டுகள் மக்களை அழைத்துச் சென்று காட்டினார்கள். பின்னர் நிலத்தை முறையாக ஆய்ந்தபோது, ஈயப் பீரங்கிக் குண்டுகள் முப்பதுக்கும் மேற்பட்டவையும், ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்றும், அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தன. போர் நடந்தது அங்கேதான். அந்தப் பதக்கத்தை எவராவது உழவின்போது எடுத்துப் பரணில் போட்டு மறந்திருந்தால், தவறான குன்றின் மேல் நின்று மக்கள் இன்றும் அரசருக்காக இரங்கிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் உலோகம் காட்டும் கருவியைக் கையில் எடுப்பதே குற்றமாக்கப்பட்டிருப்பதன் காரணம் உங்கள் நண்பருக்கு இப்போது விளங்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மாணவர்களுடன் பிரான்சில் முதல் உலகப் போரின் களமான வெர்டன் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். எலும்புகள் வைக்கப்பட்ட கட்டடத்துக்குப் பத்து வயதுக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா? அங்கே சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளை எப்படித் தடுப்பது?

பதில்: டூவாமோன் எலும்பு மாடத்தில், பெயர் தெரியாத பிரெஞ்சு, ஜெர்மானிய வீரர்கள் குறைந்தது 130,000 பேரின் எச்சங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வெளிப்புறச் சுவரில் தாழ்வாக அமைந்த சிறு சாளரங்களின் வழியே அவற்றைக் காணலாம். பத்து வயதுப் பிள்ளைகளை அந்தச் சாளரங்களை நோக்கி வரிசையில் நிறுத்துவதை நான் ஆதரிக்கமாட்டேன். தானாகக் குனிந்து பார்க்கும் பிள்ளையை இழுத்து வரவும் மாட்டேன். முன்கூட்டியே, அங்கே என்ன இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அழைத்துச் சென்றால் பயம் வரும். பயத்தை மறைக்கத்தான் பிள்ளைகள் பெரும்பாலும் சிரிக்கிறார்கள்.

அந்த வயதினருக்கு ஃப்ளூரி என்னும் ஊர் இருந்த இடமே மிகப் பொருத்தமானது. 1916இன் போரில் அழிந்த ஒன்பது ஊர்களுள் அதுவும் ஒன்று, மீண்டும் கட்டப்படவில்லை. குண்டு விழுந்த குழிகளின் மேல் புல்லும் மரமும் மூடிக் கிடக்க, நடுவே இங்கே ரொட்டிக் கடை, இங்கே பள்ளி என்று சிறு குறியீடுகள் மட்டும் நிற்கின்றன. குடிமக்களே இல்லாத அந்த ஊருக்கு இன்றும் ஒரு மேயர் நியமிக்கப்படுகிறார் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லவே பிற்பகல் போதாது.

சிரித்துப் படம் எடுப்பது குறித்துப் பெரியவர்களையே முதலில் கடிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில், 1746இல் ஒரு மணிநேரத்துக்கும் குறைவாக நடந்த போரின் களமான கல்லோடனில், குலப்பெயர் பொறித்த நடுகற்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் புதைகுழிகளே உள்ளன. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒரு குலத்தின் பெயர் வந்ததனால் அக்கல்லைச் சுற்றிக் கூட்டம் மிதித்துப் புல் அழிந்துபோய், தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. பதுங்குகுழியின் கரையில் ஏறுவதும், பீரங்கியின் மேல் குழந்தையை உட்காரவைப்பதும் இதே வகைதான். படமே எடுக்கக்கூடாது என்பதில்லை; நிலத்தைப் படம் எடுங்கள், உங்களை அல்ல. ஒருவேளை இது என் வயதின் முணுமுணுப்பாகவும் இருக்கலாம்; படத்துக்காக இறந்தவரை மதிக்காதது இன்று தொடங்கியதும் அல்ல: கெட்டிஸ்பர்க்கின் ‘பேயின் குகை’ப் பாறைகளிடையே 1863இல் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படம் ஒன்றுக்காக, இறந்த வீரன் ஒருவனின் உடலையே வேறிடத்திலிருந்து தூக்கிவந்து, துப்பாக்கியைச் சுவரில் சார்த்திக் காட்சி அமைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நான் கண்ட போர்க்களங்களில் எல்லாம் வென்றவர்களின் கதையே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே சென்று பணம் செலுத்திப் பார்ப்பதே அந்தக் கதைக்குத் துணைபோவது ஆகாதா?

பதில்: எல்லா இடங்களிலும் வென்றவர்கள் எழுதவில்லை, வலியவர்கள் எழுதினார்கள் என்பதே சரி. லிட்டில் பிக்ஹார்னில் தோற்றவர் கஸ்டர். ஆனால் 1991வரை அந்த இடத்துக்குக் கஸ்டரின் பெயர்தான் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் 1879 ஜனவரி 22ஆம் நாள் சூலு படையினர் பிரிட்டிஷ் படையை முற்றாக முறியடித்தார்கள். வெள்ளையடித்த கற்குவியல்கள் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்களின் புதைகுழிகளை நெடுங்காலமாகக் காட்டிக்கொண்டிருக்க, சூலு வீரர்களுக்கான நினைவுச்சின்னம் 1999இல்தான் வந்தது. பிரான்சின் நவ்-ஷப்பெல்லில் 1927இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், முதல் உலகப் போரில் இறந்து கல்லறை அறியப்படாத இந்திய வீரர்கள் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. சோம் களத்துக்குச் செல்லும் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நீங்களே வழி கேட்டுத்தான் போக வேண்டும்.

போகாமல் இருப்பதனால் எந்தப் பலகையும் மாறாது. போய், பலகையில் எவருடைய பெயர் இல்லை என்று கேட்பவர்கள் பெருகியபோதுதான் மேலே சொன்ன மாற்றங்கள் நிகழ்ந்தன. லிட்டில் பிக்ஹார்ன் குன்றின் மேல் குதிரைப்படையினருக்கான கல்தூண் இருக்கிறது. வீரர்கள் விழுந்த இடங்களில் வெள்ளைப் பளிங்குக் கற்கள் சிதறி நிற்கின்றன. 1999 முதல் பழங்குடி வீரர்கள் விழுந்த இடங்களிலும் செந்நிறக் கற்களை நட்டுவருகிறார்கள். 2003இல் திறக்கப்பட்ட பழங்குடியினர் நினைவிடம், தூணுக்குச் சற்றுத் தள்ளி, மண்கரை சூழ்ந்த வட்டமாக அமைந்திருக்கிறது. அந்தக் கரையில் தூணை நோக்கி ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். இறந்த படைவீரர்களின் ஆவிகளும் உள்ளே வருவதற்கான வாயில் அது என்கிறார்கள். அங்குச் செல்லும்போது முதலில் தூணுக்குப் போகாமல், அந்த வட்டத்தின் உள்ளே சென்று, அந்த இடைவெளியின் வழியே தூணைப் பாருங்கள்.